கொலையை விட வீட்டு விலை பெரிது

அன்புள்ள ஐயா,

‘அமெரிக்கன் சைக்கோ’ படத்தை இப்போதுதான் பார்த்தேன். நியூயார்க்கின் பணக்கார வங்கி அதிகாரி பேட்ரிக் பேட்மன் தான் செய்த எல்லாக் கொலைகளையும் ஒப்புக்கொள்கிறான். அவனுடைய வழக்கறிஞரோ நல்ல தமாஷ் என்று சிரிக்கிறார். அப்படியானால் எல்லாமே அவன் கற்பனைதானா? இன்னொன்று, என் நண்பர்கள் அவனை நாயகனாக்கி ரீல்ஸ் போடுகிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது.

எம்.

அன்புள்ள எம்.,

வழக்கறிஞர் சிரிப்பதை வைத்து முடிவுகட்ட வேண்டாம். அவர் பேட்மனையே வேறு யாரோ என்று நினைத்துத்தான் பேசுகிறார். பேட்மன் கொன்றதாகச் சொல்லும் சக அதிகாரி பால் ஆலனோடு லண்டனில் சாப்பிட்டதாக அவர் சொல்வதை எப்படி நம்புவது? அந்த ஆலனும் பேட்மனை இன்னொருவன் என்று நினைத்தே கடைசிவரை பழகினான். ஒரே மாதிரி சூட், ஒரே பதவி. முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது ஆலனின் வீட்டுக் காட்சி. பிணங்களை ஒளித்துவைத்த இடம் என்று நினைத்து பேட்மன் அங்கே போகிறான். சுவரெல்லாம் புது வெள்ளை. வீடு விற்கும் பெண்மணி ஒரு தம்பதிக்குச் சுற்றிக் காட்டிக்கொண்டிருக்கிறார். டைம்ஸ் நாளிதழில் விளம்பரத்தைப் பார்த்து வந்தீர்களா என்று கேட்கிறார். ஆமாம் என்கிறான். அப்படி விளம்பரமே வரவில்லை என்கிறார். ஆனால் யார் நீ, எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை. போலீசையும் கூப்பிடவில்லை. தகராறு வேண்டாம், போய்விடுங்கள், திரும்பி வராதீர்கள், அவ்வளவுதான். அவருக்கு விஷயம் தெரியும் என்றே நான் நினைக்கிறேன். கொலை நடந்த வீடென்று வெளியே தெரிந்தால் விலை போகாதே! 1987-இன் நியூயார்க் பணக்கார உலகத்தைப் பற்றி படம் சொல்வதில் என்னை மிகவும் நடுங்க வைத்தது இதுதான். இயக்குநர் மேரி ஹாரனும், எல்லாம் கனவு என்று ரசிகர்கள் எடுத்துக்கொள்வதைத் தான் விரும்பவில்லை என்று சொல்லியிருக்கிறார்.

சரி, உங்கள் நண்பர்கள். காலையில் அவன் உடற்பயிற்சி செய்வதையும் முகத்துக்குப் பூசுவதையும் மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. விசிட்டிங் கார்டு காட்சியை அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். மேசையைச் சுற்றியிருக்கும் எல்லோருமே துணைத் தலைவர்கள். ஆலனின் அட்டை கொஞ்சம் கூடுதல் தடிமன், நிறமும் அழகு. அதைப் பார்த்ததும் பேட்மனுக்கு வியர்க்கிறது, அட்டை கையிலிருந்து நழுவுகிறது. அன்றிரவே தெருவில் கிடக்கும் வீடற்ற ஒரு மனிதரைக் கத்தியால் குத்துகிறான். மேலே இருப்பவனிடம் தோற்ற ஆத்திரத்தை, தட்டிக்கேட்க ஆளில்லாதவர் மேல் காட்டுகிறான். இவனிடம் எந்தத் துணிச்சலைக் கண்டீர்கள் என்று அவர்களிடம் நேராகவே கேளுங்கள்.