சுர்த்துருக்கு உலைக்களம் எப்படி வந்தது?

வாசகர் கேள்வி – பதில்

(சுர்த்துர் என்னும் தீத்தெய்வத்தைப் பற்றி வந்த கேள்விகளுள் ஐந்துக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம்.)

கேள்வி: என் மகன் நண்பர்களோடு ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும், கதைமாந்தர் வேடம் ஏற்றுக் கற்பனையில் ஆடும் விளையாட்டை ஆடுகிறான். அதில் எரிமலைகளில் வாழும் தீ அரக்கர்கள், சுர்த்துர் என்பவரைத் தீக்கும் உலைக்களத்துக்கும் உரிய கடவுளாக வழிபடுகிறார்களாம். வடஐரோப்பியப் புராணத்தில் இந்தத் தெய்வம் உண்மையாகவே உண்டா? அவரை மனிதர்கள் யாரேனும் வழிபட்டார்களா?

பதில்: பெயர் பழையது, உலைக்களம் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. வடஐரோப்பியரின் பழைய நார்ஸ் மொழியில் சுர்த்துர் என்றால் கருத்தவன் என்று பொருள். உலகத்தின் தொடக்கத்தையும் முடிவையும் ஒரு குறிசொல்லும் பெண்ணின் வாய்மொழியாகப் பாடும் ‘வோலுஸ்பா’ என்னும் பாடலில், அவன் தெற்கிலிருந்து தீயோடு வருகிறான்; அவன் வாளிலிருந்து கதிரொளி வீசுகிறது. 13-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் வாழ்ந்த ஸ்னோரி ஸ்டுர்லுசன் இந்தக் கதைகளை உரைநடையில் தொகுத்தபோது, முஸ்பெல் என்னும் வெப்ப நாட்டின் எல்லையில் எரியும் வாளோடு காவல் இருப்பவனாகச் சுர்த்துரைக் காட்டினார். அந்த நாட்டில் பிறந்தவர்களைத் தவிர வேறு எவரும் அங்கே கால் வைக்க முடியாது. ராக்னரோக் எனப்படும் இறுதிப் போரில் ஃபிரேயர் என்னும் தேவனைக் கொன்றுவிட்டு, நிலமெங்கும் தீயை வாரி இறைத்து உலகத்தையே எரித்துவிடுவதுதான் அவனுக்குச் சொல்லப்பட்டிருக்கும் வேலை. அவன் எதையும் வடித்ததாகவோ, பட்டடைமுன் நின்றதாகவோ இந்த நூல்களில் ஒரு வரியும் இல்லை.

வழிபாட்டைப் பற்றிய கேள்விக்குத்தான் சுவையான விடை இருக்கிறது. ஸ்காண்டிநேவிய ஊர்ப்பெயர்களில் இடித்தெய்வமான தோரும் ஃபிரேயரும் நிறையவே காணப்படுகிறார்கள். சுர்த்துருக்கோ கோயிலும் இல்லை, பூசாரியும் இல்லை. ஆனால் மேற்கு ஐஸ்லாந்தில் சுர்த்ஷெல்லிர், அதாவது சுர்த்துரின் குகை, என்றே பெயர் பெற்ற ஓர் எரிமலைக்குழம்புக் குகை இருக்கிறது. மக்கள் அந்தத் தீவில் குடியேறிய சில பத்தாண்டுகளுக்குள், அவர்கள் கண்முன்னே பெருகி ஓடிய குழம்பு உறைந்து உருவானது அது. வடஐரோப்பாவிலிருந்து வந்த அந்தக் குடியேறிகள் அதற்குமுன் எரிமலையைப் பார்த்தவர்கள் அல்லர் என்பதை நினைத்துப் பார்த்தால், பாட்டில் கேட்ட உலக முடிவு தொடங்கிவிட்டதோ என்று அவர்கள் நடுங்கியிருக்கக்கூடும் என்பது விளங்கும்.

அந்தக் குகையின் உள்ளே படகு வடிவில் அடுக்கிய ஒரு கல் அமைப்பைத் தொல்லியலாளர்கள் ஆராய்ந்தார்கள். அதில் ஆடு, மாடு, குதிரை, பன்றி ஆகியவற்றின் எலும்புகள் எரிந்து நொறுங்கிய நிலையில் கிடைத்தன. கண்ணாடி மணிகளும், கிழக்குத் துருக்கிப் பகுதியிலிருந்து வந்திருக்கக்கூடிய அரிதாரமும் கிடைத்தன. (நம் கூத்துக் கலைஞர்கள் முகத்தில் பூசியதால் ஒப்பனைக்கே பெயராகிவிட்ட அதே மஞ்சள் கனிமம்தான் அரிதாரம், ஐஸ்லாந்துக் குகைக்கு அது எத்தனை கை மாறி வந்ததோ!) பலமுறை பலியிட்டதற்கான இந்தத் தடயங்கள், சுர்த்துரைத் தணிப்பதற்காகவோ அவனை எதிர்க்கப்போகும் ஃபிரேயருக்கு வலு சேர்ப்பதற்காகவோ நடந்த சடங்கைக் காட்டலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. ஐஸ்லாந்து கிறித்தவத்தை ஏற்ற 1000-ஆம் ஆண்டையொட்டி அந்த வழக்கம் நின்றுபோனது என்றும் அவர்கள் கணிக்கிறார்கள். அதை வழிபாடு என்று சொல்வதானால், ‘வராதே, அங்கேயே இரு’ என்று வேண்டிக்கொள்ளும் வழிபாடு அது. உங்கள் மகனின் விளையாட்டில் வரும் அரக்கர்கள் வேண்டுவது இதற்கு நேர்மாறானது.

கேள்வி: அப்படியானால் கொல்லர் தொழிலை அவருக்குக் கொடுத்தவர் யார்?

பதில்: இன்னார் என்று ஒருவரைச் சுட்ட முடியாது, ஆனால் சரக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியும். நார்ஸ் கதைகளில் சிறந்த கொல்லர்கள் குள்ளர்களே. தோரின் சம்மட்டியை வடித்தவர்கள் குள்ளர்களான இரு சகோதரர்கள். ‘இந்த வேலை உங்களால் ஆகாது’ என்று தன் தலையையே பந்தயமாக வைத்த, சூழ்ச்சிக்குப் பேர்போன லோகி, ஈயாக உருமாறி வந்து, துருத்தி ஊதிக்கொண்டிருந்தவனின் கையிலும் கழுத்திலும் கடித்து, கடைசியில் கண்ணிமையிலும் கடித்தான். இரத்தம் கண்ணை மறைக்கவே, ஈயை விரட்ட அவன் ஒரு கணம் துருத்தியை விட்டான். அதனால்தான் அந்தச் சம்மட்டியின் பிடி சற்றே குட்டையாகிப் போனதாம். இரும்பு அடிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை என்று நம் ஊரில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு விடை நார்ஸ் கதையில்தான் இருக்கிறது போலும்.

இந்த விளையாட்டின் 1977-ஆம் ஆண்டு விலங்கு–பூதக் கையேடு தீ அரக்கரை எப்படி வருணிக்கிறது என்று பாருங்கள்: கரி போன்ற கருந்தோல், தழல் நிறத் தலைமுடி, மாபெரும் குள்ளனைப் போன்ற அகன்ற, தடித்த உடல்வாகு. சுர்த்துர் என்னும் சொல்லின் ‘கருமை’ அவர்களுடைய தோலில் ஏறிவிட்டது. குள்ளக் கொல்லரின் உடல் அரக்கரின் அளவுக்கு வளர்ந்துவிட்டது. இதோடு கிரேக்க மரபும் கலந்திருக்கிறது என்பது என் எண்ணம். கிரேக்கத் தேவர்களின் தலைவரான சேயுசுக்கு இடியை வடித்துக் கொடுத்தவர்கள் ஒற்றைக்கண் அரக்கர்களான சைக்ளோப்புகள். பிற்கால உரோமானியக் கவிஞர்கள் அவர்களை எரிமலைத் தீவின் அடியில், வல்கன் என்னும் கொல்லத் தெய்வத்தின் பட்டறையில் வேலைக்கு அமர்த்தினார்கள். எரிமலை, அரக்கர், உலைக்களம் ஆகிய மூன்றும் அங்கேயே ஒன்றுசேர்ந்துவிட்டன. வடக்கிலிருந்து ஒரு பெயரைக் கொண்டுவந்து அதன்மேல் வைக்க வேண்டியதுதான் மிச்சமாக இருந்தது.

இந்த மாற்றம் தேவையாகவும் இருந்தது என்றே நான் கருதுகிறேன். உலகத்தை ஒரே ஒருமுறை எரிக்கப்போகிற தெய்வத்தை நம்பி ஓர் இனம் அன்றாடம் என்ன செய்யும்? காத்திருப்பதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியாது. தொழில் உடைய தெய்வம் என்றால் விடிந்ததும் செய்வதற்கு வேலை இருக்கும். குரு, மாணாக்கர், மேல், கீழ் என்ற வரிசையும் தானாகவே உண்டாகும்.

கேள்வி: விளையாட்டின் உலகத்தில் இந்த வழிபாடு எப்படி நடக்கிறது என்று சற்று விரிவாகச் சொல்ல முடியுமா?

பதில்: கேரி கைகாக்சும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய இந்த விளையாட்டு 1974-இல் வெளிவந்தது. 1980-இல் வெளிவந்த தெய்வங்களின் தொகுப்பில் சுர்த்துர் நார்ஸ் பகுதியில் தீ அரக்கரின் தலைவராக இடம்பெற்றார். 1992-இல் அரக்கர்களுக்கென்றே ஒரு தனித் தெய்வக் குடும்பம் விரிவாக வகுக்கப்பட்டது. அதில் அன்னாம் என்பவர் எல்லா அரக்கர்களுக்கும் தந்தை. பிற்காலப் பதிப்புகளில் சுர்த்துரும், பனி அரக்கரின் தெய்வமான த்ரிம்மும் அவருடைய பிள்ளைகள்.

அரக்கர்களுக்குள் ‘ஆர்ட்னிங்’ என்று ஒரு படிநிலை உண்டு. புயல் அரக்கர் முதலிடம், மேக அரக்கர் இரண்டாமிடம், தீ அரக்கர் மூன்றாமிடம். அதற்குக் கீழே பனி, கல், குன்று அரக்கர்கள் வருகிறார்கள். ஒவ்வோர் இனத்துக்குள்ளும் மதிப்பை அளக்கும் கோல் வேறு. பனி அரக்கருக்கு உடல் வலிமையும் மேக அரக்கருக்குச் செல்வமும் அளவுகோல். தீ அரக்கருக்குக் கைவேலைத் திறமே அளவுகோல். ஆகவே அவர்களுடைய வழிபாட்டுக்குத் தனியாகக் கோயில் வேண்டியதில்லை. நன்றாக வடித்த ஒரு வாளோ கவசமோ பக்திக்குச் சான்றாக நிற்கும். எரிமலையின் வெப்பமே அவர்களின் உலைக்குத் தீ. ஆனால் இந்தப் படத்தில் ஓர் இருண்ட மூலையும் உண்டு. சுரங்கம் வெட்டுவது போன்ற தாழ்வாகக் கருதும் வேலைகளையெல்லாம் பிடித்துவந்த அடிமைகளின் தலையில் கட்டிவிட்டுத்தான் அவர்கள் பட்டறையில் நிற்கிறார்கள். உழைப்பின் தெய்வம் என்று சுர்த்துரைப் போற்றுவதற்கு முன் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த விளையாட்டில் ஆடுவதற்காக 2016-இல் வெளிவந்த ஒரு சாகசக் கதை இந்த நம்பிக்கையை அதன் எல்லைவரை கொண்டுசெல்கிறது. அன்னாம் அந்தப் படிநிலையையே கலைத்துவிடுகிறார். உடனே ஒவ்வோர் இனமும் முதலிடத்துக்குப் போட்டியிடுகிறது. சால்டோ என்னும் தீ அரக்கக் கோமகன், பழங்காலத்தில் டிராகன்களைக் கொல்வதற்காகச் செய்யப்பட்ட வோனின்டோட் என்னும் மாபெரும் உலோக உருவத்தின் சிதறிய உறுப்புகளைத் தேடியெடுத்து, மீண்டும் பொருத்த முயல்கிறான். அந்த உருவம் செய்யப்பட்ட அடமன்டைன் என்னும் மிகக் கடினமான உலோகத்தை இளக்கச் சாதாரண நெருப்பு போதாது என்பதால், மைகேரா என்னும் ஆதித் தீயுருவையே சிறைபிடித்துத் தன் உலைக்குக் கொண்டுவரத் திட்டமிடுகிறான். தெய்வங்களின் கண்ணில் உயர்வதற்குப் பனி அரக்கன் ஊர்களைச் சூறையாடும்போது, தீ அரக்கன் ஒரு வேலைப்பாட்டை முடித்துக் காட்ட நினைக்கிறான். தீயவனே ஆனாலும் அவன் கொல்லன்தான்.

கேள்வி: சுர்த்துரின் பெயர் இன்றைய உலகில் வேறு எங்கேனும் வழங்குகிறதா?

பதில்: வழங்குகிறது. 1963 நவம்பரில் ஐஸ்லாந்தின் தென்கரைக்கு அப்பால் கடலடி எரிமலை ஒன்று வெடித்து எழுப்பிய தீவுக்குச் சுர்ட்சே என்று பெயரிட்டார்கள். 1967 வரை அது குமுறிக்கொண்டிருந்தது, 2008-இல் யுனெஸ்கோவின் உலக மரபிடமாயிற்று. ஐஸ்லாந்தியர் பழுப்பு நிலக்கரிக்கு வழங்கும் பெயரிலும் அவன் இருக்கிறான். வியாழனின் ஐயோ என்னும் துணைக்கோளில் உள்ள சுர்ட் எரிமலை 2001-இல் மிகப் பெரிய அளவில் வெடித்தது. இவற்றில் எல்லாம் தீ உண்டு, கரி உண்டு. பட்டடையும் சம்மட்டியும் எங்கும் இல்லை.

கேள்வி: சுர்த்துரின் எரியும் வாளை வடித்தவர் யார்?

பதில்: பாடல்கள் சொல்லவில்லை. அவனை எதிர்த்து நிற்கும் ஃபிரேயரிடமும் ஒரு நல்ல வாள் இருந்தது. தானாகவே போரிடக்கூடிய வாள் அது. கெர்த் என்னும் அரக்கர் குலப் பெண்மேல் கொண்ட காதலால், தூது சென்ற தன் பணியாளன் ஸ்கிர்னிருக்கு அதைக் கொடுத்துவிட்டு, இறுதிப் போருக்கு வாள் இல்லாமல் வருகிறான். அதுவே அவனுடைய மரணத்துக்குக் காரணமாகும் என்கிறார் ஸ்னோரி.