நாலு பேர் வீட்டில் மூன்று முட்டை

கேள்வி: எனக்கு வயது 41, உயரம் 156 செ.மீ. ஜனவரியில் 64 கிலோ இருந்தேன். உடல் கொழுப்பு காட்டும் எடை மெஷினில் 34 சதவீதம் காட்டியது. ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தி மூன்று மாதத்தில் 59 கிலோவுக்கு வந்துவிட்டேன். ஆனால் கொழுப்பு இப்போது 36 சதவீதம் என்கிறது. காலையில் அவருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் மூன்று முட்டை அவிப்பேன். நான் இட்லியோடு நிறுத்திக்கொள்வேன். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. கோளாறு மெஷினிலா, என் உடம்பிலா?
- வாசகி, கரூர்

பதில்: நாலு பேர் இருக்கிற வீட்டில் ஏன் மூன்று முட்டை? கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதற்கு மேல் படிக்க மனசு வரவில்லை.

முதலில் உங்கள் கணக்கு. 64 கிலோவில் 34 சதவீதம் என்றால் கொழுப்பு ஏறக்குறைய 21.8 கிலோ. 59-இல் 36 சதவீதம் என்றால் 21.2. ஐந்து கிலோ இறங்கியதில் கொழுப்பு சுமார் அரை கிலோதான் தேறும் போலிருக்கிறது. மற்றதெல்லாம் தசையும் தண்ணீரும்.

அந்த மெஷின் பாதம் வழியாக லேசான மின்சாரத்தை அனுப்பி, உடம்பு அதை எவ்வளவு தடுக்கிறது என்று பார்த்துக் கொழுப்பைக் கணிக்கிறது. தண்ணீர் குடித்தது, மாதவிலக்கு நாள், ஈரக் கால் எல்லாம் கணக்கை மாற்றும். ஆகவே அந்த இரண்டு சதவீதத்தை மட்டும் வைத்து நான் பேசவில்லை. உங்கள் முட்டைக் கணக்கை வைத்துப் பேசுகிறேன். ராத்திரி பட்டினி, காலையில் வெறும் இட்லி. புரதம் போதாமல், தசைக்கு வேலையும் இல்லாமல் எடையைக் குறைத்தால் தசைதான் கரையும்.

நம் ஆட்களுக்குத் தசை ஏற்கெனவே குறைவு. புணே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004-இல் தங்களையே உதாரணமாகக் காட்டினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று சொல்லும் கணக்கு, ஒன்றுதான், 22.3. ஆனால் கொழுப்பு லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசை. அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கும்போது நீங்கள் அந்தத் தசையைக் கரைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைத் தின்பதைக் கடமை என்று நம் அம்மாக்கள் சொல்லிக்கொடுத்தார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. குடும்பத்தைத் தாங்குகிற ஆளுக்குச் சாப்பாடு போடுவதும் குடும்பக் கடமைதான். உங்கள் வீட்டுக்காரர் மூன்று மாதமாக உங்கள் தட்டைப் பார்க்கவே இல்லையா? இந்தப் பதிலை அவரிடம் கொடுங்கள். அவரும் படிக்கட்டும். பிள்ளைகளும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், அம்மா என்றால் கடைசி என்று.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் சொல்வது நாள் ஒன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம். உங்களுக்கு அது சுமார் 49 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. ஆகவே காலையில் முட்டை, மதியம் கெட்டிப் பருப்பு, தயிர், சாயங்காலம் சுண்டல். ராத்திரி பட்டினி வேண்டாம். ஏழரை மணிக்குள் எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். இட்லியோ தோசையோ ஒன்று குறையட்டும், சாம்பாரில் பருப்பு கூடட்டும். வாரத்தில் மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர்க் குடத்தைத் தூக்கி நடப்பது. நடைப்பயிற்சி நல்லதுதான், ஆனால் தசைக்கு அது மட்டும் போதாது.

மெஷினில் தினமும் ஏறாதீர்கள். மாதம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில், பாத்ரூம் போய்வந்த பிறகு போதும். அதைவிட தையல்கார டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில் அளந்து எழுதி வையுங்கள். நம் பெண்களுக்கு 80 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. கடிதத்தில் அந்த அளவே இல்லை. இந்த வாரமே வெறும் வயிற்றில் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். அளவு கூடியிருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போங்கள். போகும்போது வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.