ஏரியின் நலத்தை விலங்கு மிதவை உயிரிகள் காட்டுமா?

வேலூர் சதுப்பேரி போன்ற ஏரியின் நிலையை, நீரில் மிதந்து வாழும் நுண்ணிய விலங்குகளான இவற்றை வைத்துச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சொல்லலாம். சுமார் 50 மைக்ரான் (0.05 மி.மீ.) கண்ணுள்ள வலையில் தண்ணீரை வடித்து நுண்ணோக்கியில் பாருங்கள். ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரிகள், பிறகு சின்னஞ்சிறு ஓட்டுடலிகளான கிளாடோசெரா, கோபிபாட், ஆஸ்ட்ரகோட் என நாலு கூட்டம் தென்படும். ஓட்டின் முன்விளிம்பில் முட்கள் நீட்டி, தலையிலுள்ள மயிரிழைகளை விடாமல் அடித்து இரை தேடுகிற பிராக்கியோனஸ் என்ற ரோட்டிஃபர் மலிந்து, மற்றவை அருகிப்போனால் பெரும்பாலும் சாக்கடையோ உரமோ கலந்து தண்ணீரில் சத்து மிஞ்சிவிட்டது என்று பொருள். கிளாடோசெரா கூட்டத்துப் பெரிய டாஃப்னியா இல்லை என்பதற்காக மட்டும் தண்ணீரைக் குறை சொல்லாதீர்கள், மீன் தின்றிருக்கலாம். அப்புறம், கோடையில் நீர் வற்றினால் எண்ணிக்கை ஏறும், வடகிழக்குப் பருவமழையில் நீர்த்துவிடும். ஆகவே ஒருநாள் மாதிரியை நான் நம்பமாட்டேன். ஓராண்டாவது மாதந்தோறும் எடுங்கள். கரைந்த ஆக்சிஜன், பாஸ்பேட் அளவையும் கூடவே குறியுங்கள்.