தலைவலிக்குப் போனால் கனவைப் பற்றி ஏன் கேட்கிறார்கள்?

ஹோமியோபதி மருத்துவர் தலைவலிக்குக்கூட பயம், கனவு, கோபம் எல்லாம் விசாரிப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அது வெறும் பேச்சு அல்ல. அந்த முறையின் அடித்தளமே அங்கேதான் இருக்கிறது.

ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹானிமன் 1790இல் முறைக்காய்ச்சலுக்கு (மலேரியா) மருந்தாகத் தரப்பட்ட சின்கோனா மரப்பட்டையை உட்கொண்டபோது, தமக்கு அதே காய்ச்சலின் குறிகள் தோன்றியதாக எழுதினார். 'ஒத்தது ஒத்ததைக் குணமாக்கும்' என்ற விதி அதிலிருந்து வளர்ந்தது. நோய் என்பது உயிராற்றலின் குலைவு, அதைக் காட்டும் குறிகளில் மனநிலை முக்கியமானது என்பது அவர் கொள்கை. பின்னர் வந்த அமெரிக்க ஹோமியோபதி மருத்துவர் ஜேம்ஸ் டைலர் கென்ட், சுவீடன் நாட்டு ஆன்மிகவாதி சுவீடன்போர்க்கின் சிந்தனையில் ஊறியவர்; மனக்குறிகளை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

அதனால்தான் ஒரே தலைவலிக்கு இருவருக்கு இரு மருந்து. ஆறுதல் சொன்னால் எரிந்து விழுபவருக்கு நேட்ரம் மூர், அதாவது நம் சமையல் உப்பு! ஆறுதல் தேடி அழுபவருக்குப் பல்சட்டில்லா என்ற பூச்செடி மருந்து. மனிதர்களை இவ்வளவு கூர்ந்து கவனித்திருப்பதை நான் ரசிக்கிறேன்.

மருந்து விஷயம் வேறு. 30சி என்றால் மூலப்பொருளை நூறில் ஒரு பங்காக 30 முறை நீர்ப்பது; அதாவது 1க்குப் பின் 60 சுழியம் போட்ட அளவு நீர்ப்பு. 12சி தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு மிஞ்சுவதுகூட அரிது. எந்த நோய்க்கும் இது பயனளிப்பதாக நம்பத்தகுந்த சான்று இல்லை என்று 2015இல் ஆஸ்திரேலிய தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சி மன்றம் முடிவு சொன்னது. ஆனால், குறுக்கிடாமல் நெடுநேரம் ஒருவர் காதுகொடுத்துக் கேட்பதும், குணமாகும் என்ற எதிர்பார்ப்பும் வலியையும் பதற்றத்தையும் ஓரளவு தணிக்கும். நிமோனியாவையோ சர்க்கரை நோயையோ அல்ல.