பிரெஞ்சு ஓவியர் பால் செசானின் ‘ஆப்பிள் கூடை’ ஓவியத்தில் மேசை ஏன் கோணலாக இருக்கிறது? அவருக்கு நேராக வரையத் தெரியாதா?

தெரியும். தெற்கு பிரான்சின் ஏக்ஸ் நகர ஓவியப் பள்ளியில் படித்தவர், பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களைப் பார்த்துப் பிரதி எடுத்துப் பழகியவர். 1893 வாக்கில் இதை வரைந்தபோது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அந்த வயதில் ஒரு மேசை விளிம்பு கைக்கு வரவில்லை என்றால் நான் நம்ப மாட்டேன்.

அப்புறம், கோணல் மேசையோடு நிற்கவில்லை. வெள்ளைத் துணிக்கு இடப்பக்கம் தெரிகிற முன்விளிம்பில் ஒரு ஸ்கேலை வைத்து நீட்டிப் பாருங்கள், வலப்பக்க விளிம்போடு சேராது. பாட்டில் இடதுபுறம் சாய்கிறது. தட்டில் அடுக்கிய பிஸ்கட்டுகளில் கீழே இருப்பவை பக்கவாட்டில் பார்த்த மாதிரியும், மேலே இருப்பவை எழுந்து நின்று பார்த்த மாதிரியும் இருக்கின்றன. கூடை ஒரு கட்டையின் மேல் முன்பக்கம் சரிந்து கிடக்கிறது. நியாயமாக எல்லா ஆப்பிளும் உருண்டு தரைக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் எதுவும் விழுகிற மாதிரி தோன்றவில்லை, கவனித்தீர்களா? பாட்டிலை மட்டும் மனதுக்குள் நிமிர்த்திப் பாருங்கள். கூடையின் சரிவுக்கு ஈடுகொடுக்க ஆளில்லாமல் போய்விடும். ஒரு கோணலை இன்னொரு கோணல் தாங்கிப் பிடிக்கிறது.

நானும் பொழுதுபோக்காக ஸ்டில் லைஃப், அதாவது மேசையில் அடுக்கிவைத்த பழம், பாத்திரம் மாதிரியான அசையாப் பொருட்களை வரைபவன். எங்களுக்குச் சொல்லித் தருவது, ஒரே இடத்தில் உட்கார், ஒரு கண்ணை மூடு, பென்சிலை நீட்டி அள என்பதுதான். நிஜத்தில் யாரும் ஒரு மேசையை அப்படிப் பார்ப்பதில்லை. தலை அசையும், கண் பாட்டிலுக்குப் போய்த் தட்டுக்குத் தாவும், அதற்குள் விளிம்பு கொஞ்சம் இடம் மாறியிருக்கும். செசான் அந்த மாற்றத்தைத் திருத்தாமல் அப்படியே விட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

அவசரத்தில் வந்த கோணலும் இல்லை. பழங்களுக்கு அடியில் சில்லறைக் காசுகளைச் செருகி, வேண்டிய அளவுக்குச் சாய்த்து வைப்பார் என்று, அருகில் இருந்து பார்த்த லூயி லெ பாய் என்ற இளம் ஓவியர் எழுதியிருக்கிறார். வேகமோ ஆமை வேகம். 1899-ல் வொல்லார் என்ற ஓவிய வியாபாரியை 115 முறை உட்காரவைத்து வரைந்தும் படம் முடியவில்லையாம். நடுவில் தூங்கி அசைந்தவருக்கு, ஆப்பிள் அசையுமா என்று திட்டு வேறு. இதெல்லாம் வொல்லார் சொல்லும் கதை. கொஞ்சம் மசாலா இருக்கலாம்.

‘ஆப்பிள் கூடை’ 1895-ல் அதே வொல்லாரின் பாரிஸ் கேலரியில்தான் மக்கள் பார்வைக்கு வந்தது. செசானுக்கு அதுதான் முதல் தனிக் கண்காட்சி. பொருட்களைப் பல கோணங்களில் உடைத்து வரையும் கியூபிசப் பாணியைப் பின்னால் தொடங்கிய பிக்காசோவும் பிராக்கும் இவரிடமிருந்து நிறைய எடுத்துக்கொண்டார்கள் என்பது உண்மை. அதற்காக ‘கியூபிசத்துக்கு முன்னோட்டம்’ என்று மட்டும் சொல்லி இந்தப் படத்தை முடித்துவிடுவது எனக்குப் பிடிக்காது. பின்னால் யார் வருவார்கள் என்று அவருக்கு என்ன தெரியும்?

இன்னொன்று. பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியங்களில் பாதி உரித்த எலுமிச்சையைப் பார்த்தால் நாக்கு ஊறும். இந்த ஆப்பிளைப் பார்த்தால் கடிக்கத் தோன்றாது, கையில் எடுத்து எடை பார்க்கத் தோன்றும். படம் இப்போது சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட்டில் இருக்கிறது. அவர்கள் இணையதளத்திலேயே நன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம். முதலில் துணி மேல் கிடக்கும் ஆப்பிள்களின் ஓரக்கோடுகளைப் பாருங்கள், மேசைக்கு அப்புறம் வரலாம்.