முதலில் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் எங்கள் ஊர். மதுரையில் பழைய பொருள் விற்பவர் ஒருவரிடம் பித்தளை பெல்ட் பக்கிள் பார்த்தேன். நடுவில் கிரீடம், சுற்றிலும் ஆங்கிலத்தில் 'மெட்ராஸ் ரெஜிமெண்ட் 1857'. 12,000 ரூபாய் சொல்கிறார். அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தாத்தாவின் பட்டாளத்து பெல்ட் ஒன்றும் எங்கள் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. முரட்டுத் துணி, வெறும் பித்தளைக் கொக்கி, சின்னம் எதுவும் இல்லை. அதற்கு மதிப்பு உண்டா?

பதில்: முதலாவதை வாங்காதீர்கள். பொருளைப் பார்க்கவே வேண்டாம், எழுத்தே காட்டிக்கொடுத்துவிட்டது. 1857-ல் இருந்தது கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ராணுவம். அதன் இந்தியக் காலாட்படைப் பிரிவுகள் 'இத்தனையாவது மதராஸ் நேட்டிவ் இன்ஃபண்ட்ரி' என்று எண்ணால் அழைக்கப்பட்டன. 'மெட்ராஸ் ரெஜிமெண்ட்' என்ற பெயர் 20-ஆம் நூற்றாண்டுச் சமாச்சாரம். சிப்பாய்க் கலகம் எல்லோருக்கும் தெரிந்த ஆண்டு என்பதால் அதைப் பொறித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ராமர் பட்டாபிஷேகம் போட்ட '1818 கம்பெனி அரையணா' என்று ஒன்றை லட்சக்கணக்கில் விலை சொல்லி விற்பார்களே, அதற்கு இது தம்பி. கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை.

கிரீடத்திலும் ஒரு கணக்கு உண்டு. 1901-லிருந்து 1952 வரை மன்னர்கள் காலம். கிரீடத்தின் வளைவுகள் குவிமாடம் போல எழும்பி இருக்கும். எலிசபெத் ராணி காலத்துக் கிரீடத்தில் அதே வளைவு உச்சியில் உள்வாங்கும். 'உலகப்போர் பக்கிள்' என்று சொல்லி, உள்வாங்கிய கிரீடத்தைக் காட்டினால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். விக்டோரியா காலத்தில் ஒரே வடிவம் இல்லை என்பதால் 1901-க்கு முந்தைய பொருளுக்கு இந்தக் கணக்கு உதவாது.

பெயரும் ஆண்டும் சரியாக இருக்கும் போலிகளும் வரும். அவற்றுக்குத்தான் பின்பக்கம். முன்பக்கத்துக்கு மெனக்கெடுகிறவன் பின்பக்கத்தில் சோம்பேறி ஆகிவிடுவான். சின்னம் பொறித்த பழைய தகடுகளில் பல இரும்பு அச்சில் அடித்தவை. எழுத்தின் ஓரம் கத்திபோல நிற்கும். அசலை மண்ணில் பதித்து வார்த்த நகலில் எழுத்தின் அடிப்பாகம் கரைந்த வெல்லம் மாதிரி மழுங்கி இருக்கும். நகலைத் திருப்பி, நகைக்கடை லென்ஸில் பாருங்கள்: ஊசிமுனை அளவுக் குழிகள், மணல்மணலான தளம், ஓரத்தில் அரம் போட்ட கோடுகள். உருக்கிய பித்தளை ஆறும்போது சுருங்கும், ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றரை. அதனால் நகல் அசலைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்கும். அசலின் அளவு தெரிந்தால் ஒரு வெர்னியர் அளவுகோல் போதும்.

அடுத்தது தேய்மானம். வீட்டுக் குத்துவிளக்கில் கை பிடிக்கிற தண்டு வழவழவென்றும், பாதத்தின் அடி சொரசொரவென்றும் இருக்கும் இல்லையா? பக்கிளும் அப்படித்தான். சிப்பாய் பித்தளையைப் பாலிஷ் போட்டே தீரவேண்டும். அதனால் கிரீடத்தின் மேடுகள் தேய்ந்து, பள்ளங்களில் பாலிஷ் பசை வெளிறிய பொடியாக இறுகியிருக்கும். வார் உரசுகிற கொக்கியின் உட்பக்கம் மட்டும் தனியாக மினுங்கும். மேடு பள்ளம் எல்லாம் ஒரே கறுப்பாக இருந்தால் அது அமிலத்திலோ அம்மோனியாவிலோ ஊறிய கறுப்பு. களிம்பும் அப்படியே. பித்தளையில் தோல்பட்டை படும் இடத்தில் மெழுகு மாதிரி பச்சையாகப் பிடிக்கும். ஈரப் பஞ்சில் ஒட்டிக்கொண்டு வரும் பச்சைப்பொடி போன மாதம் வைத்தது.

நானும் ஏமாந்தவன்தான். காயலான் கடையில் வேறு சாமான்களோடு கிடந்ததால் நம்பி ஒன்றை வாங்கினேன். வீட்டுக்கு வந்து திருப்பினால் நட்சத்திரத் தலை ஸ்க்ரூ! அந்த ஸ்க்ரூ புழக்கத்துக்கு வந்ததே 1930-களில். நான் வாங்கியதோ 'விக்டோரியா காலத்து' பக்கிள். பழைய குப்பையில் கிடப்பது ஒரு சாட்சியே இல்லை என்பது அன்றைக்குப் புரிந்தது. காந்தத்தையும் ரொம்ப நம்பாதீர்கள். அது முலாம் பூசிய இரும்பைப் பிடித்துக்கொடுக்கும், வார்ப்புப் பித்தளையை விட்டுவிடும். ஜெர்மானிய பக்கிள்களில் அசலே இரும்பிலும் உண்டு.

சரி, தாத்தாவின் பெல்ட். எனக்கு ஆர்வம் அதில்தான். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டாம் உலகப்போரில் நம் சிப்பாய்களும் கட்டிய '1937 பேட்டர்ன்' பருத்திப் பட்டையாக இருக்கலாம். அதில் சின்னமே கிடையாது. முன்னால் ஒன்றோடொன்று மாட்டும் பித்தளைக் கொக்கி, முதுகுப்பக்கம் தோள்வார் கோர்க்க இரண்டு சின்ன பக்கிள். பட்டையின் உட்பக்கம் வெயிலில் சாய்த்துப் பாருங்கள்: தயாரிப்பாளரின் எழுத்துகள், ஆண்டு, அரசாங்கச் சொத்து என்று காட்டும் அகன்ற அம்புக்குறி மையில் மங்கலாகத் தெரியலாம். சிப்பாய் எண்ணை எழுதி வைத்திருந்தால் இன்னும் நல்லது. டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டோ பென்ஷன் புத்தகமோ இருந்தால் அந்த எண்ணோடு ஒத்துப்பாருங்கள்.

சந்தையில் பெரிய விலை போகாது, சொல்லிவிடுகிறேன். ஆனால் ஆள், எண், பொருள் மூன்றும் சேர்ந்திருக்கிற பெல்ட்டை எந்த வியாபாரியாலும் செய்து தரமுடியாது. ஒன்று மட்டும், அம்மா புளி போட்டுத் தேய்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டையை நனைக்கவும் வேண்டாம், மை போய்விடும். காட்டன் துணியில் சுற்றி, ரசக்கற்பூர உருண்டை அதன்மேல் படாமல் வையுங்கள்.