ஒரு மாதச் சவால் எடுத்தால் பழக்கம் மாறுமா?

ஒரே மாதத்தில் பழக்கம் ஊறிவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் நடத்திய ஆய்வில், புதிய செயல் ஒன்று யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர நடுமதிப்பாக 66 நாள் ஆகும் என்று தெரிந்தது, அதுவும் ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை மாறும் என்பது அவர்கள் கணக்கு. அப்புறம் 30 நாள் சவால் எதற்கு? அந்தப் பழக்கம் நமக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்க. முடிவுத் தேதி தெரிவதால் தொடங்கத் தயக்கம் குறையும், பிடிக்காவிட்டால் உறுத்தல் இல்லாமல் விட்டுவிடலாம். ஆனால் ‘உடற்பயிற்சி செய்வேன்’ என்று பொத்தாம்பொதுவாக வைக்காமல், ‘பல் துலக்கியதும் பத்து நிமிடம் நடப்பேன்’ என்று ஏற்கெனவே செய்கிற ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். ஒரே சமயத்தில் மூன்று சவால் எல்லாம் வீண் ஆர்வம். ஒருநாள் தவறினால் மறுநாள் தொடருங்கள், அதே ஆய்வில் அப்படி ஒருநாள் விடுபட்டது பெரிதாகப் பாதிக்கவில்லை.